மீற்றர் நல்லாத்தான் காட்டினது

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலமை றேடியோவைப் போட்டுப் பார்த்தோம். மீற்றர் 2 காட்டியது. அதுக்கு முதல் இரண்டு மாதமாய் அது 1.4இலேயே நின்றது. "ஈரம் போல, காயச் சரியாய்ப் போகும்" எண்டு எங்களில் ஒருத்தன் சொன்னான். நாங்களும் அதை நம்பி அரை மணித்தியாலம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். பதில் இல்லை. அது எங்களுக்குப் புதினமும் இல்லை. அந்த இரண்டு மாதமும் ஒரு பதிலும் வந்ததில்லை.

தேத்தண்ணி குடிக்க எழும்பி வெளியில் வந்தால், இரண்டு தென்னைக்கும் நடுவில் கட்டின கம்பி அப்படியே நிற்குது. அதிலிருந்து வீட்டுக்கு வரவேண்டிய கேபிள் மண்ணில் கிடக்குது. ஈயம் வைத்து ஒட்டின இடம் இரவுக் காற்றில் விட்டுப்போயிருக்கு. அதாவது அரை மணித்தியாலம் அன்ரனாவே இல்லாமல் கதைத்திருக்கிறோம். மீற்றர் 2 எண்டு சொல்லிக்கொண்டு இருந்திருக்கு. 2 எண்டால் 'பரவாயில்லை' எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை.

அந்த மீற்றரைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம். அது பொய் சொல்லேல்லை எண்டதை இப்பவே சொல்லி வைக்கிறோம்.

*

முதலில், நாங்கள் ஏன் றேடியோவுக்குள் போனோம் எண்ட கதை. எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு சனிக்கிழமை இயற்கை அனர்த்தங்கள் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: "போன் கோபுரங்கள் எல்லாம் விழுந்தால் நாங்கள் ஆரோடை கதைப்பம்?" ஒருத்தரிடமும் மறுமொழி இல்லை. 2004 சுனாமியின்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள், சிலர் பிறக்கவே இல்லை. தொலைபேசி செத்துப்போன அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் அந்த நாட்களில் சிற்றலையில் இணைத்தவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், பொழுதுபோக்குக்காக றேடியோ கொண்டுபோயிருந்த பாரதி பிரசாத் எண்ட பெண் அதையே உயிர்காக்கும் நிலையமாய் மாற்றினார். இதையெல்லாம் அவள்தான் தேடி வாசித்துச் சொன்னாள். பிறகு அவளே படித்து, பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரத்தையும் எடுத்தாள். இலங்கையின் அமெச்சூர் அழைப்புக்குறி 4எஸ் எண்டு தொடங்கும். அவளுக்கு அது கிடைத்த அன்று எங்கள் எல்லாருக்கும் கிடைத்த மாதிரித்தான் இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தால்தான் மற்றவர்கள் வாய் திறக்கலாம் எண்டாலும், நாங்கள் அதை 'எங்கட நிலையம்' எண்டுதான் சொல்லுவோம்.

றேடியோ, தெற்கில் ஒரு லைசன்ஸ்காரர் பாவிக்காமல் வைத்திருந்து குறைந்த விலைக்குத் தந்த ஒரு பிற்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த சின்னப் பலகை அது. 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 7 வாற்று தரும். ஒரு சின்ன எல்ஈடி குமிழின் அளவு வலு. ஆனால் 7 வாற்றில் நாடு முழுக்கக் கதைக்கலாம் எண்டு அவர் சொன்னார்.

அன்ரனா எங்கட வேலை. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் அவளின் வீட்டு வளவு. அலைநீளம் கண்டுபிடிக்கிறது லேசு. 300ஐ மீடிறனால் வகுத்தால் மீற்றரில் வரும். 7.1க்கு 42 மீற்றர் சொச்சம். அதில் அரைவாசி 21. உண்மையான கம்பிக்கு அதில் இன்னும் 5 சதவீதமளவு குறைக்கவேணும், ஆக 20 மீற்றர். நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீற்றர். அதுதான் டைபோல். 'கூட விட்டால் வெட்டலாம், குறைய வெட்டினால் ஒட்டேலாது' எண்ட தையல்காரரின் நியாயப்படி பக்கத்துக்கு 10.3 மீற்றர் விட்டோம். வீட்டு வயறிங்குக்குப் பாவிக்கிற உறை போட்ட வயர். அயலில் கள்ளுச் சீவுகிற அண்ணை தளநாரோடை வந்து, இரண்டு தென்னையிலும் எட்டு மீற்றர் உயரத்தில் கட்டித் தந்தார். காசு வாங்கேல்லை. "இதிலை லண்டன் கதைக்குமோ?" எண்டு மட்டும் கேட்டார்.

கேபிள் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. 50 ஓம் கேபிள்தான், மேல் உறையில் இரண்டு மூன்று வெட்டு இருந்தது. ரேப் சுற்றினோம்.

மீற்றரை இடையில் போட்டு முதல்தரம் பார்த்த அன்று 1.4. நாங்கள் துள்ளினது இப்பவும் ஞாபகம் இருக்கு. இணையத்தில் ஆட்கள் 1.4க்காக நாட்கணக்காய் மினக்கெடுகிறார்கள். எங்களுக்கு முதல் நாளே கிடைத்துவிட்டுது. பிறகு ஏன் கம்பியை வெட்டுவான்? கூட விட்ட நீளம் கூடவே நின்றது.

*

அந்த வீட்டு அன்ரி, அதாவது அவளின் அம்மா, கம்பி ஏறின அன்று ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணியும் வடையும் தந்தா. நாங்கள் அதைச் சம்மதம் எண்டு எடுத்துக்கொண்டோம். இதைப் பிறகு சொல்லுகிறோம்.

*

உயர்தரத்தில் பௌதிகம் செய்தவைக்கு 'பரிவு' எண்ட சொல் தெரியும். சுரமானிக் கம்பியில் ஒரு சின்னக் கடதாசித் துண்டை வைத்து, இசைக்கவையைத் தட்டி வைப்போம். கம்பியின் நீளம் சரியாய் வரும்வரை அந்தத் துண்டு சும்மா இருக்கும். சரியான நீளம் வந்த உடனே எகிறி விழும். அதுதான் பரிவு. கம்பியில் ஓடுகிற அலை முனையில் முட்டித் திரும்பி வருகுது. வருகிற நேரமும் புதுத் தள்ளு விழுகிற நேரமும் ஒன்றாய்ப் பொருந்தினால் ஊஞ்சல் மாதிரி அசைவு பெருகும். அன்ரனாக் கம்பியும் அப்படித்தான். அதின் நீளத்துக்குப் பொருத்தமான மீடிறனில் அது றேடியோவுக்கு வெறும் தடையாய்த் தெரியும். அந்த மீடிறனை விட்டு விலகினால், கொடுத்த சக்தியில் ஒரு பங்கை ஒவ்வொரு சுற்றிலும் தேக்கி வைத்துத் திருப்பித் தள்ளும்.

பரிவு எண்டது கம்பியின் குணம். கேபிளும் மீற்றரும் இல்லாவிட்டாலும், தென்னையில் தனியாய்த் தொங்கினாலும் அதுக்கு ஒரு பரிவு மீடிறன் இருக்கும்.

நின்ற அலை விகிதம், எல்லாரும் எஸ்டபிள்யூஆர் எண்டு சொல்லுகிறது, வேறை ஒன்று. அது இரண்டு பேருக்கு இடையிலான பொருத்தம். கேபிளுக்கு 50 ஓம். அதின் முடிவில் இருப்பதும் 50 ஓம் எண்டால் போன அலை எல்லாம் உள்வாங்கப்படும், விகிதம் 1. பொருந்தாவிட்டால் ஒரு பங்கு திரும்பி வரும். போகிறதும் வருகிறதும் சேர்ந்து கேபிளில் மேடு பள்ளமாய் நிற்கும். மேட்டை பள்ளத்தால் வகுத்தால் வருகிறதுதான் அந்த எண். 1.5 எண்டால் 25இல் ஒரு பங்கு திரும்புது. 2 எண்டால் 9இல் ஒரு பங்கு. 3 எண்டால் 4இல் ஒரு பங்கு.

இரண்டும் ஒன்றில்லை எண்டதுக்கு இரண்டு உதாரணம் போதும். தரைக்கு மிக உயரத்தில், சுற்றிவர ஒன்றும் இல்லாமல் நிற்கிற ஒரு டைபோல் சரியான பரிவில் இருந்தாலும் அதின் தடை 70 ஓமுக்கு மேலே. 50 ஓம் கேபிளில் மீற்றர் 1.4, 1.5 எண்டுதான் காட்டும். பிழை ஒன்றும் இல்லை. மற்றப் பக்கம், ஒரு எண்ணெய் டின்னுக்குள் 50 ஓம் தடை ஒன்றைப் போட்டுக் கேபிளில் கொழுவினால் எந்த மீடிறனிலும் மீற்றர் 1 காட்டும். அந்த டின்னுக்குப் பரிவும் இல்லை, அது ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லப்போவதும் இல்லை. எண்ணெய் சூடாகும், அவ்வளவுதான். றேடியோக்காரர் பரிசோதனைக்கு வேணும் எண்டே அப்படி ஒரு டின் வைத்திருப்பினம், பெயர் டம்மி லோட்.

நாங்கள் தெரியாமலே ஒரு டம்மி லோட் செய்து வைத்திருந்தோம். முப்பது மீற்றர் நீளத்தில்.

*

கேபிள் மண்ணில் கிடந்த அந்த ஞாயிறு, எங்களில் கணக்கு நல்லாய் வரும் ஒருத்தன் கொப்பியை எடுத்துக்கொண்டு குந்தினான். கேபிளின் மற்ற முனை திறந்து கிடந்தால் போன அலை அவ்வளவும் முனையில் முட்டித் திரும்பவேணும். நல்ல கேபிள் எண்டால் மீற்றர் முள் எல்லைக்கே போய் முட்டும். எங்கடை 2 காட்டினது. 2 எண்டால் திரும்பி வந்தது 9இல் ஒரு பங்கு. போக ஒருதரம், வர ஒருதரம், ஆக இரண்டு பயணத்தில் 9இல் ஒன்றாய்க் குறைந்திருக்கு. அப்ப ஒரு பயணத்துக்கு 3இல் ஒன்று. கேபிள் தன்னுள் விழுகிற ஒவ்வொரு மூன்று பங்கிலும் இரண்டைத் தின்னுது.

அதோடு அவன் நிற்கேல்லை. "அன்ரனாவும் சரியில்லை எண்டு வையுங்கோ, அதின் உண்மையான விகிதம் 3 எண்டு வையுங்கோ" எண்டான். றேடியோ 36 பங்கு அனுப்புது. கேபிள் தின்ன, 12 பங்குதான் அன்ரனாவுக்குப் போகுது. விகிதம் 3 எண்டதாலை அதில் கால்வாசி, 3 பங்கு, திரும்புது. வருகிற வழியில் கேபிள் திரும்பவும் தின்ன, மீற்றருக்கு வந்து சேருகிறது 1 பங்கு. 36இல் ஒரு பங்கு திரும்பினால் விகிதம் எவ்வளவு?

கணக்கை முடித்துக் கொப்பியைத் திருப்பிக் காட்டினான். 1.4.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. இரண்டு மாதம் நாங்கள் பெருமைப்பட்ட எண் அதுதான். 36 பங்கில் 9 பங்குதான் அன்ரனாவுக்குள் ஏறியிருக்கு. 7 வாற்றில் இரண்டு வாற்றும் இல்லை. திரும்பி வருகிறது குறைவாய் இருந்ததுக்குக் காரணம் எல்லாம் போய்ச் சேர்ந்தது எண்டில்லை. போகிற வழியிலும் வருகிற வழியிலும் செத்ததுதான் காரணம்.

கேபிளை வெட்டிப் பார்த்தோம். உள்ளே செப்புப் பின்னல் பச்சை பிடித்து, சில இடத்தில் கறுத்து, விரலால் தேய்க்கப் பொடியாய்க் கொட்டினது. நாங்கள் ரேப் சுற்றின வெட்டுகளுக்குக் கீழே தண்ணி.

மீற்றர் பொய் சொல்லேல்லை. 'நான் நிற்கிற இடத்தில் திரும்பி வருகிறது இவ்வளவு' எண்டு மட்டும்தான் அது சொன்னது. நாங்கள்தான் அதை 'போய்ச் சேருது' எண்டு வாசித்தோம்.

*

புதுக் கேபிளுக்குக் காசு சேர்க்க மூன்று கிழமை எடுத்தது. அதுக்கிடையில் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படிக்கிற ஒரு நண்பன் நானோவிஎன்ஏ ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளங்கையளவு பெட்டி. சாதாரண மீற்றர் ஒரு எண் சொல்லும். இது தடை எவ்வளவு, தேக்கித் திருப்பித் தருகிறது எவ்வளவு எண்டு இரண்டையும் தனித்தனியாய்க் காட்டும். புதுக் கேபிளின் மற்ற முனையில் வைத்தே அதைச் சரிபார்த்துக்கொண்டால் கேபிள் கணக்கிலிருந்து விலகிப்போகும், கம்பி மட்டும் தெரியும். இது முக்கியம். கேபிள் நீளத்துக்கு ஏற்ப, றேடியோப் பக்கத்தில் நின்று பார்க்கிற தடையும் தேக்கமும் மாறிக்கொண்டே போகும். அங்கே தேக்கம் சுழியாய்த் தெரிகிற மீடிறன் கம்பியின் பரிவாய் இருக்கவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை.

எங்கட கம்பியின் பரிவு 6.8க்குக் கிட்ட இருந்தது. கூட விட்ட நீளம் ஒரு பக்கம். வயரின் பிளாஸ்ரிக் உறை அலையைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கம்பியை இன்னும் நீளமாய் நடக்க வைத்தது மறுபக்கம். 7.1இல் விகிதம் 3க்குக் கிட்ட. கொப்பிக்காரன் 'வையுங்கோ' எண்டு சும்மா எடுத்த எண் சரியாய் வந்ததில் அவனுக்கு இப்பவும் தலைக்கனம்.

அண்ணை திரும்பவும் தளநாரோடை ஏறினார். பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாய், கடைசியில் 45 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வெட்டினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் திரையில் அந்தப் பள்ளம் நகர்ந்து நகர்ந்து 7.1க்கு வந்தது. தேக்கம் சுழி. தடை 75 ஓம்.

பெட்டியைக் கழற்றி, புதுக் கேபிளோடு பழைய மீற்றரைப் போட்டோம். 1.5.

முந்தி 1.4, இப்ப 1.5. எண்ணை மட்டும் பார்க்கிற ஒருத்தர் எங்கட இரண்டு மாத வேலையும் காசும் நாசம் எண்டு சொல்லியிருப்பார்.

*

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லவேணும், இல்லாட்டி நாங்கள் ஒரு சாமியை இறக்கி இன்னொரு சாமியை ஏற்றின மாதிரி ஆகிவிடும். பரிவும் புனிதம் இல்லை. இங்கிலாந்தின் லூயிஸ் வார்னி 1946இல் வடிவமைத்த ஜீ5ஆர்வீ எண்ட அன்ரனா 31 மீற்றர் நீளம். பல அலைவரிசைகளில் அது பரிவிலேயே இருக்காது. ஆனாலும் உலகம் முழுக்க ஆட்கள் அதை வைத்துக் கதைத்தவை, இப்பவும் கதைக்கினம். கம்பிக்குள் சக்தி ஏறிவிட்டால் அது வெளியே போகத்தான் செய்யும். பரிவு ஏற்றுகிற வேலையைச் சுலபமாக்குகுது.

உயர்ந்த விகிதமும் எப்பவும் கேடு இல்லை. கோஅக்சியல் கேபிள் பரவ முதல், றேடியோக்காரர் இரண்டு கம்பியை ஏணி மாதிரித் தூரத்தில் பிடித்து அன்ரனாவுக்குக் கொண்டு போனவை. அதில் விகிதம் 5, 6 எண்டு நிற்கும், ஒருத்தரும் கவலைப்படுகிறதில்லை. காரணம் அந்த ஏணி பசி இல்லாதது. அலை எத்தனைதரம் போய் வந்தாலும் கொஞ்சம்தான் தின்னும். ரைரோஸ் வானிலைச் செய்மதியின் அன்ரனாவில் வேலை செய்த அமெரிக்கப் பொறியியலாளர் வோல்ற்றர் மக்ஸ்வெல், 1973இலிருந்து கியூஎஸ்ரி சஞ்சிகையில் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். திரும்பி வருகிற அலை தொலைந்துபோகிற அலை இல்லை. சரியாய்ப் பொருத்தினால் அது திரும்பவும் அன்ரனாவுக்கே போகும். தொலைகிறது கேபிளின் சூட்டில் மட்டும்தான். கிட்டத்தட்ட ஐம்பது வருசத்துக்கு முந்திய விசயம். நாங்கள் கேபிளை வெட்டிப் பார்த்த பிறகுதான் வாசித்தோம்.

றேடியோவுக்குப் பக்கத்தில் வைக்கிற 'அன்ரனா ரியூனர்' எண்ட பெட்டியும் அன்ரனாவை ஒன்றும் செய்யாது. றேடியோவுக்கு 50 ஓம் மாதிரி ஒரு முகத்தைக் காட்டும். அதுக்கு அங்காலை கேபிளில் நடக்கிறது நடந்துகொண்டுதான் இருக்கும்.

அதுக்காக மீற்றரைத் தூக்கி எறியாதேங்கோ. சடாரெண்டு எண் மாறினால் எங்கேயோ ஏதோ அறுந்திருக்கு எண்டு அர்த்தம். விகிதம் மிகக் கூடினால் பிற்எக்ஸில் இருக்கிற சின்ன றான்சிஸ்ரர் எரிந்தும் போகலாம். எங்கட அனுபவத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான். அன்ரனாவைக் கட்ட முதல், கேபிளின் மற்ற முனையை ஒன்றிலும் கொழுவாமல் விட்டு ஒருதரம் மீற்றரைப் பாருங்கோ. முள் போய் முட்டவேணும். அங்கேயும் நல்ல எண் வந்தால், சந்தோசப்படாதேங்கோ.

*

இனி அன்ரியின் கதை.

கேபிள் வெட்டின அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. பச்சை பிடித்த துண்டுகளை முற்றத்தில் போட்டு வைத்திருந்தோம். அன்ரி வந்து, ஒண்டும் சொல்லாமல், எல்லாத்தையும் கூட்டி அள்ளிக் கிணத்தடிக்குக் கொண்டு போனா. மகள் பின்னாலை போய் "ஏனம்மா?" எண்டு கேட்டாள்.

"வயரைக் கண்ட இடத்திலை போடாதையுங்கோ பிள்ளை."

பிறகு குசினி வாசலில் இருந்து சொன்னா. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வராது, தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையாலை பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவை. பீபீசி தமிழோசையும் வெரித்தாசும். சத்தம் தெளிவாய் வரவேணும் எண்டு அவவின் தம்பி, பள்ளிக்கூடப் பெடியன், முருங்கையிலிருந்து தென்னைக்கு ஒரு செப்புக் கம்பி இழுத்துக் கட்டினவராம். வெறும் கேட்கிற கம்பி. 96இல் சுற்றிவளைப்புகள் தொடங்கின ஒரு இரவு, விடிந்தால் தங்கட ஒழுங்கை எண்டு கதை வந்த உடனே, அன்ரி இருட்டில் ஏணி வைத்து ஏறி அந்தக் கம்பியை அறுத்து, சுருட்டி, கல்லுக் கட்டிக் கிணத்துக்குள் போட்டவா. கம்பி வைத்திருந்தால் ஆரோடை கதைத்தனி எண்டுதான் கேள்வி வரும், கேட்கிறதுக்குத்தான் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?

தம்பிக்கு ஒண்டும் நடக்கேல்லை. அவர் இப்ப கனடாவில் இருக்கிறார், பேரப்பிள்ளை கண்டுவிட்டார். ஆனால் எங்கட கம்பி ஏறின நாளிலிருந்து அன்ரி ஒழுங்காய் நித்திரை கொள்ளேல்லை. நாங்கள் கூப்பிடத் தொடங்கினால் படலையைச் சாத்திவிட்டு வந்து விறாந்தையில் இருப்பாவாம். நாங்கள் அதைக் கண்டதே இல்லை. கண்டாலும், காற்றுக்கு இருக்கிறா எண்டுதான் நினைத்திருப்போம்.

"ஏன் அன்ரி ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

மறுப்பு வராதபடியால் எல்லாம் சரி எண்டு நாங்கள் இரண்டு மாதம் நினைத்திருந்தோம். அவ்வளவையும் அவ தனக்குள் வாங்கி, தனக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருந்திருக்கிறா.

கம்பியை இறக்கிவிடுகிறோம் எண்டு சொன்னோம். உண்மையாகவே சொன்னோம். அவ யோசித்துவிட்டு, "இப்ப புதுக் கேபிள் வாங்கப்போறியள்தானே, வாங்கிக் கட்டிப் பாருங்கோ" எண்டா. அது சம்மதமோ அலுப்போ எண்டு இந்தமுறை கேட்டோம். "இரண்டும்தான்" எண்டா.

*

புதுக் கேபிள் போட்டு, கம்பியும் வெட்டின பிறகு வந்த சனிக்கிழமை காலமை பத்து மணி. அவள் மைக்கைப் பிடித்து, 'சீக்யூ' சொல்லி, அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாய் இரண்டுதரம் சொல்லிவிட்டு விட்டாள். இரைச்சல். திரும்பவும். மூன்றாம்தரம் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு வயதுபோன குரல் எங்கட அழைப்புக்குறியை அப்படியே திருப்பிச் சொன்னது.

எங்கட எழுத்துகளை வேறை ஒருத்தரின் வாயில் கேட்பது எப்படி இருந்தது எண்டு எழுதத் தெரியேல்லை. ஒருத்தன் கதிரையைத் தட்டி விழுத்தினான். அவளுக்கு மைக் அமத்தவே மறந்துபோச்சு.

பண்டாரவளைப் பக்கம் ஒரு சிங்கள ஐயா. ஆங்கிலமும் சிங்களமும் கலந்து கதைத்தார். "ஐந்துக்கு ஐந்து, நல்லாய்க் கேட்குது" எண்டார். இவளைத் 'துவ' எண்டு கூப்பிட்டார், மகள் எண்டு அர்த்தம். எங்கேயிருந்து எண்டு கேட்டார். சாவகச்சேரி எண்டாள். பிறகு அவர் ஒரு விசயம் சொன்னார். ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்கு முதல், இதே இடத்தில் ஒரு சின்னக் குரல் இரைச்சலுக்கு அடியில் கூப்பிடுகிறதை இரண்டு மூன்று நாள் கேட்டவராம். பெண்குரல் எண்டு தெரிந்தது, அழைப்புக்குறி பிடிபடேல்லை. பதில் சொல்லிப் பார்த்தவராம். "அது நீங்களோ?"

அந்தப் பதில்கள் எங்களுக்குக் கேட்கேல்லை. அதே கேபிள்தானே அவரின் குரலையும் தின்றது.

உயர்தரப் பாடத்தில் 'பரிவு' எண்டு எழுதினபோது அது ஏன் அந்தச் சொல் எண்டு நாங்கள் யோசித்ததில்லை. வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறை அர்த்தம். ஒருத்தரின் நிலையை அறிந்து மனம் இரங்குவது. மீற்றர் காட்டுகிற எண்ணுக்கு அப்படி ஒரு சொல் கிடைக்கேல்லை. அது விகிதம்தான்.

கதைத்து முடிய, அன்ரி அறை வாசலில் நின்றா. எப்ப வந்தவா எண்டு தெரியாது.

"ஆர் அது?"

"பண்டாரவளையிலை ஒரு ஐயா, அம்மா."

"நீ ஆர், எங்கை இருக்கிறாய் எண்டு சொன்னனியோ?"

"ஓம். அழைப்புக்குறி சொல்லித்தான் கதைக்கவேணும், அதுதான் சட்டம். சங்கேதமாய்க் கதைக்கேலாது. ஆரும் கேக்கலாம். ஆணைக்குழுவிலை பெயர், விலாசம் எல்லாம் பதிவு."

அன்ரி கொஞ்ச நேரம் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இதைக் கம்பி கட்டின அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" எண்டா.

அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்றை அன்று பின்னேரமே லமினேற் செய்து கொண்டுவந்து கொடுத்தோம். அவ அதைச் சாமியறையில் வைக்கேல்லை, அலுமாரிக்குள்ளும் வைக்கேல்லை. படலை திறந்து வருகிற ஆர் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி விறாந்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறா.